லைலாக்: வெட்டும் பொழுதும் பெயர்க்கும் பொழுதும்

லைலாக் என்ற மலரை நம்மில் பெரும்பாலோர் முதலில் அச்செழுத்தில்தான் கண்டோம். ஆங்கில இலக்கியம் பயின்றவர்கள் எலியட்டின் 1922ஆம் ஆண்டு நெடுங்கவிதையின் தொடக்க அடிகளில் அதைக் கண்டிருப்பர். விட்மனைத் தேடிப் படித்தவர்கள், லிங்கன் மறைந்த 1865இல் அவர் இயற்றிய இரங்கற்பாவில் கண்டிருப்பர். பாரதி விட்மனைப் பற்றி எழுதியவர், ந. பிச்சமூர்த்தி தம் புதுக்கவிதை முயற்சிக்கு விட்மனின் புல்லின் இதழ்களைத் தூண்டுகோலாகச் சொன்னவர். ஆகவே சிற்றிதழ் வாசகனுக்கு இப்பூவின் பெயர் அந்நியமன்று. ஆயினும் நாம் அறிந்தது பெயரை. மிஞ்சிப்போனால் ஒரு குறியீட்டை. அந்தப் பூவைத் தாங்கும் புதரை அறியோம். இக்கட்டுரை அந்தப் புதரைப் பற்றியது. அதை எப்போது கவாத்துச் செய்வது, எப்போது இடம் பெயர்த்து நடுவது என்பதைப் பற்றியது. இலக்கியப் பக்கத்தில் தோட்ட வேலைக்கு என்ன இடம் என்று கேட்போர் சற்றுப் பொறுத்தருள்க.

தொல்காப்பியர் முதற்பொருள் என்று இரண்டைத்தான் சொன்னார்: நிலமும் பொழுதும். மரமும் பூவும் புள்ளும் கருப்பொருளாய் அவற்றைச் சார்ந்தே வரும். லைலாக்கைப் பொறுத்தவரை கவாத்து என்பது பொழுதைப் பற்றிய கேள்வி. பெயர்த்து நடுவது நிலத்தையும் பொழுதையும் ஒருசேரத் தொடும் கேள்வி. இவ்விரண்டுக்கும் உரிய பொழுது ஒன்றன்று என்பதே இச்செடியின் தனித்தன்மை. வெட்ட வேண்டியது பூ முடிந்த கையோடு. பெயர்க்க வேண்டியது இலையற்று உறங்கும்போது. இந்த இரண்டையும் மாற்றிச் செய்பவர்களே மிகுதி. அதற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று, மாதப் பெயரைச் சொல்லி ஆலோசனை வழங்கும் பழக்கமும்தான் என்பது நம் கருத்து.

முதலில் நம் ஊர்ச் செடி ஒன்றை நினைவில் கொள்வது பயன் தரும். லைலாக்கும் மல்லிகையும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆலிவ் மரத்தின் குடும்பம் அது. மல்லிகைத் தோட்டக்காரர் என்ன செய்கிறார்? நவம்பர் இறுதியில், அதாவது கார்த்திகையில், செடியைத் தரையிலிருந்து ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் விட்டு வெட்டி விடுகிறார். புதுத்துளிர் வருகிறது. அந்தத் துளிரின் நுனியில் பங்குனி முதற்கொண்டு பூ வருகிறது. வெட்டாவிட்டால்தான் விளைச்சல் குறையும். குளிர்காலத்தில் வெட்டு, வேனிலில் பூ என்பது நம் கைகளுக்குப் பழகிய கணக்கு.

இதே கணக்கை லைலாக்கிடம் கொண்டுபோனால் ஓராண்டுப் பூ முழுவதும் போய்விடும். ஏனெனில் லைலாக் புதுத்துளிரில் பூப்பதில்லை. இந்த மே மாதம் மலரும் கொத்து, சென்ற ஆண்டின் கோடையிலேயே கிளை நுனியில் மொட்டாகக் கருக்கொண்டது. பூ உதிர்ந்ததும் அச்செடி சில வாரங்கள் புதுக்கிளை நீட்டுகிறது. பின் அதன் நுனியில், பெரும்பாலும் இணையாக, தடித்த மொட்டுகளை உருவாக்குகிறது. இலையுதிர்காலம் வந்து இலை விழுந்த பிறகும் அவை அங்கேயே இருக்கும். பனியையும் உறைகுளிரையும் தாங்கி, அந்தக் குளிரையே நிபந்தனையாகக் கொண்டு, அடுத்த வேனிலில் விரியும். போதிய குளிர் கிட்டாத நாட்டில் சாதாரண லைலாக் ஒழுங்காகப் பூக்காது. தென் கலிபோர்னியாவின் மிதமான குளிருக்கென்றே வால்டர் லாமர்ட்ஸ் என்ற செடிவளர்ப்பறிஞர் தனி வகைகளை உருவாக்க வேண்டியிருந்தது இதனால்தான்.

ஆகவே ஆகஸ்டுக்குப் பின் லைலாக்கின் நுனியைக் கத்தரிப்பவர் வெறும் குச்சியை வெட்டவில்லை. அடுத்த ஆண்டின் பூவை வெட்டுகிறார். செடி சாகாது. தழைத்து வளரும். அதுதான் ஏமாற்றுவது. வெட்டியவருக்குத் தாம் செய்த தீங்கு ஏழெட்டு மாதம் கழித்தே தெரியும், அப்போதும் காரணம் வேறெங்கோ தேடப்படும்: மண் சரியில்லை, உரம் போதவில்லை, செடிக்கு வயதாகிவிட்டது.

நம்மிடம் முதுகலை பயின்ற மாணவி ஒருவர் மாசசூசெட்ஸில் வசிக்கிறார். அவரும் கணவரும் வாங்கிய பழைய வீட்டின் பின்வாசலருகே ஆளுயரத்தைக் கடந்த லைலாக் புதர் ஒன்று இருந்தது. வாங்கும்போது, மே மாதத்தில் அந்த மணத்துக்காகவே தெருவில் நடப்போர் நின்று போவார்கள் என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். அதன்பின் வந்த நான்கு மே மாதங்களிலும் அது பூக்கவில்லை. ஆண்டுதோறும் அக்டோபரில் தோட்டப் பராமரிப்புக்கு ஆள் வந்து, வேலிச்செடியைச் சீராக்குவதுபோல் எல்லாப் புதர்களையும் இயந்திரக் கத்தரியால் உருண்டையாக்கிவிட்டுப் போவது வழக்கம். நான்காம் ஆண்டு அவர்களே, இது கிழடாகிவிட்டது, தோண்டி எடுத்துவிடலாம் என்று விலையும் சொன்னார்கள். மாணவி மின்னஞ்சலில் இதைக் கேட்டது செடி அறிவுக்காக அன்று. விட்மன் பாடிய வாசற்புறப் புதர் இதுதானா ஐயா என்று கேட்கத்தான். நாம் பதிலில் கவிதையை விட்டுவிட்டு, அக்டோபர்க் கத்தரியை நிறுத்துங்கள் என்று மட்டும் எழுதினோம். மறுவருடம் ஏழு கொத்துகள் பூத்தன. ஏழுதான். ஆனால் புதர் தப்பியது.

இங்கு எதிர்வாதம் ஒன்று எழும். அப்படியானால் வெட்டாமலே விட்டுவிடலாமே? நியூ இங்கிலாந்துக் காடுகளில் நடப்போர் ஓரிடத்தில் திடீரென லைலாக் புதரைக் கண்டால், அருகில் இடிந்த நிலவறைக் குழி ஒன்று இருக்குமென ஊகித்துக்கொள்வார்கள். ஒரு காலத்தில் அங்கே வீடு இருந்தது; வீட்டார் போய்விட்டார்கள்; கதவும் நிலையும் மண்ணாயின; வாசலில் நட்ட செடி மட்டும் நிற்கிறது. தோரோ 1854இல் வெளியிட்ட வால்டனில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். குழந்தைகள் ஊன்றிவைத்த சிறு குச்சி, வீட்டையும் அவர்களையும் கடந்து வாழ்ந்ததை. நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மத்தில் ஆளுநர் பென்னிங் வென்ட்வொர்த்தின் மாளிகையில் நிற்கும் லைலாக்குகள் 1750ஐ ஒட்டி நடப்பட்டவற்றின் வழிவந்தவை என்று நம்பப்படுகிறது. அம்மாநிலம் 1919இல் லைலாக்கைத் தன் மலராக ஏற்றது. மனிதக் கை படாமலே தலைமுறைகளைத் தாண்டும் செடிக்குக் கத்தரி எதற்கு?

இவ்வாதத்தில் பாதி உண்மை. லைலாக் பிழைத்திருக்கக் கத்தரி தேவையில்லை. ஆனால் பிழைத்திருப்பது வேறு, நம் மூக்குக்கு எட்டும் உயரத்தில் பூப்பது வேறு. கவனிப்பாரற்ற புதரின் தண்டுகள் பதினைந்து அடிக்கு எழும்பி, அடிப்பாகம் மொட்டையாகி, பூவெல்லாம் உச்சியில் கூடும். நடுவில் காற்றும் வெயிலும் புகாது. கோடை இறுதியில் இலைகளில் வெண்சாம்பல் பூத்தாற்போல் பூஞ்சணம் படியும். அது செடியைக் கொல்வதில்லை, பார்க்கத்தான் அருவருப்பு. கைவிடப்பட்ட புதர் அழகாக இருப்பது கவிதையிலும் கானகத்திலும். வாசலில் வைத்து வாழ விரும்புகிறவர் வெட்டத்தான் வேண்டும்.

வெட்டும் முறையில் அவசரம் கூடாது. பூ வாடத் தொடங்கிய நாளிலிருந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். அப்போதுதான் புதுக்கிளை நீளவும் நுனியில் மொட்டுக் கட்டவும் செடிக்குக் கோடை முழுவதும் மிஞ்சும். முதலில் பட்டதும் நோயுற்றதும் போகட்டும். பின், இருப்பவற்றுள் மிகப் பழைய தண்டுகளை, இரண்டு அங்குலத்துக்கு மேல் தடித்துவிட்டவற்றை, தரையோடு அறுத்தெடுக்க வேண்டும். மொத்தத்தில் மூன்றிலொரு பங்கு போதும். அடுத்த ஆண்டு இன்னொரு பங்கு. அதற்கடுத்த ஆண்டு மீதி. மூன்றாண்டில் புதர் முழுவதும் புதுத்தண்டுகளால் ஆனதாகிவிடும், ஒரு மே மாதம்கூடப் பூவின்றிப் போகாது. அடியிலிருந்து கிளம்பும் இளங்கன்றுகளில் வலுவான சிலவற்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் களைய வேண்டும்; அந்தச் சில கன்றுகளே நாளைய தண்டுகள். நுனியை மட்டம் தட்டி உருண்டையாக்குவது எந்தப் பருவத்தில் செய்தாலும் லைலாக்குக்குச் செய்யும் அவமானம் என்போம். வாடிய கொத்தை ஒவ்வொன்றாய்க் கிள்ளியெறியும் வேலை சிறுசெடிக்குச் சரி. ஏணி வைத்து ஏறிச் செய்ய வேண்டியதில்லை.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். முற்றிலும் சீர்கெட்டுப்போன முதுபுதரைக் குளிர்கால இறுதியில், துளிர்க்குமுன், தரையிலிருந்து அரையடி, ஓரடி விட்டு ஒட்டுமொத்தமாக வெட்டிவிடுவதுண்டு. அது மீண்டும் தழைக்கும். ஆனால் இரண்டு மூன்று ஆண்டு பூ இராது. பூவை இழக்கிறோம் என்று அறிந்தே செய்யும் செயல் அது. அறியாமல் அக்டோபரில் செய்வதோடு இதை ஒப்பிடலாகாது. செடி ஒட்டுக்கட்டியதாயிருந்தால் இந்த வேலை ஆபத்து. ஒட்டுக்குக் கீழே வெட்டினால் நாம் விரும்பிய வகை போய் அடிச்செடி மட்டும் எழும்.

மாதப் பெயரைக் குறை சொன்னோம். காரணம் கூற வேண்டும். பாஸ்டன் நகரில் லைலாக் பெரும்பாலும் மே நடுவில் உச்சம் கொள்ளும். அங்குள்ள ஆர்னால்ட் தாவரத் தோட்டத்தில் 1908 முதல் வழங்கிவரும் லைலாக் ஞாயிறு மே மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை வருவது. இன்னும் தெற்கே போனால் ஏப்ரலிலேயே பூத்துவிடும்; வடக்கே போகப் போக மே இறுதிக்கும் தள்ளும். விட்மனே பின்னாளில் லிங்கன் நினைவு உரையில், அந்த 1865இன் ஏப்ரலில் பருவம் முந்தியிருந்ததையும் தாம் தங்கியிருந்த இடத்தில் லைலாக்குகள் முழுதாய்ப் பூத்திருந்ததையும் குறிப்பிட்டார். ஒரு பேரிழப்பும் ஒரு மணமும் அவர் நெஞ்சில் பிரிக்கவொண்ணாமல் பின்னிக்கொண்டதற்கு, அவ்வாண்டின் பருவமாற்றமும் ஒரு காரணம். இரண்டு வாரம் தாழ்ந்து பூத்திருந்தால் அந்தக் கவிதையில் வேறு மலர் இருந்திருக்குமோ என்னவோ.

பருவத்தைக் காட்டும் இயல்பு இச்செடிக்கு உண்டு என்பதை அறிவியலாரும் பயன்படுத்திக்கொண்டார்கள். 1950களில் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஜோசப் கேப்ரியோ என்பவர் தன்னார்வலர்களைக் கொண்டு லைலாக் துளிர்க்கும் நாளையும் பூக்கும் நாளையும் குறித்துவைக்கும் திட்டத்தைத் தொடங்கினார். பின்னர் ஒரே தாய்ச்செடியிலிருந்து பெருக்கிய கன்றுகளைப் பல ஊர்களில் நட்டு ஒப்பிட்டார்கள். இளவேனில் பல பகுதிகளில் முன்கூட்டி வருவதைக் காட்டிய சான்றுகளுள் இந்தப் பதிவேடுகளும் அடங்கும். செடியே நாட்காட்டியைத் திருத்திக்கொண்டிருக்கும்போது அச்சிட்ட மாதத்தை நம்பி வெட்டுவது எப்படிப் பொருந்தும்? பூ வாடியதா என்று பார், மொட்டுப் பருத்ததா என்று பார், இலை உதிர்ந்ததா என்று பார், இவ்வளவே விதி.

இனிப் பெயர்த்து நடுதல். லைலாக்கே ஒரு பெயர்ப்புச் செடிதான். பால்கன் மலைகளின் பாறைச் சரிவுகளில் இயற்கையாய் விளைந்தது. துருக்கியர் தோட்டங்களுக்கு வந்து, 1560களில் ஹாப்ஸ்பர்க் தூதர் புஸ்பெக் வழியாகக் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து வியன்னா சேர்ந்தது. பிறகு அட்லாண்டிக்கைக் கடந்தது. ஜார்ஜ் வாஷிங்டனின் 1785ஆம் ஆண்டு நாட்குறிப்பில் லைலாக் பற்றிய குறிப்புகள் உண்டு. பெயரும் பயணம் செய்ததே: நீலச்சாயல் கொண்டது எனப் பொருள்படும் பாரசீகச் சொல் அரபு வழி ஐரோப்பாவுக்குப் போயிற்று; அதன் வேர் வடமொழியின் நீலம். நாம் அன்றாடம் வழங்கும் நீலம் என்ற சொல்லும் லைலாக்கும் உறவினர் என்பது மொழியாசிரியனுக்குச் சிறு மகிழ்ச்சி.

எல்லாப் பயணத்திலும் போனது பெரும்புதரன்று, சிறு கன்று. நம் வாதத்தின் மையம் இதுவே. பழைய லைலாக்கை அடியோடு பெயர்க்கக் கூடாது. முடியாது என்று சொல்லவில்லை. கடினச் செடி அது, பிழைக்கவும் கூடும். ஆனால் பரந்து ஓடிய வேரில் பெரும்பகுதியை மண்ணிலேயே அறுத்துவிட்டு, மிஞ்சிய வேருக்கேற்ப மேற்கிளைகளையும் குறைத்து, புது நிலத்தில் அது தேறிவரப் பல ஆண்டுகள் ஆகும். அதே காலத்தில் ஒரு பக்கக்கன்று தானே புதராகிவிடும்.

மேற்சொன்ன மாணவிக்கு இப்போது இதுவே சிக்கல். கணவருக்கு மின்னசோட்டாவில் வேலை, வீட்டை விற்கிறார்கள். பிள்ளைகளின் பள்ளி முடிந்து ஜூன் இறுதியில்தான் புறப்பட முடியும். வாங்கப்போகிறவர் என்ன செய்வாரோ, மீண்டும் அக்டோபர்க் கத்தரி வருமோ என்ற அச்சத்தில் புதரையே தோண்டி எடுத்துப்போக ஆள் தேடினார். ஜூன் இறுதி என்பது லைலாக் முழு இலையோடு நீரை உறிஞ்சிக்கொண்டிருக்கும் காலம். அப்போது வேரை அறுப்பது கொலைக்குச் சமம். கன்றை மட்டும் எடுங்கள் என்றதற்கு, "தாயை அவர்கள் கையில் விட்டுவிட்டா ஐயா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் புதர் அவருடையதும் அன்று. அவருக்கு முன் அங்கே வாழ்ந்தவர் விட்டுச் சென்றது, தெருவில் போவோரும் பங்குகொண்டது. வாங்குகிறவருக்கு ஒரு பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போவது புதரைப் பறித்துச் செல்வதினும் நல்லது என்பது நம் துணிபு. அவர் இன்னும் முழுதாய் ஏற்கவில்லை.

கன்றெடுக்கும் முறையில் தெளிவு வேண்டும். முதலில் தாய்ப்புதர் சொந்த வேரில் நிற்பதா, ஒட்டா என்று பார்க்க வேண்டும். பிரான்சின் நான்சி நகரில் லெமுவான் குடும்பத்தார் உருவாக்கிய அடுக்குப்பூ வகைகள் போன்றவை பல இடங்களில் வேறு அடிச்செடியில் ஒட்டுக்கட்டி விற்கப்பட்டவை. அத்தகைய செடியின் வேரிலிருந்து எழும் கன்று அடிச்செடியின் பிள்ளையாகவே இருக்கும். மூன்றாண்டு காத்திருந்து வேறு பூவைக் காண நேரும். பழைய பண்ணைவீட்டுச் சாதாரண லைலாக் என்றால் பெரும்பாலும் சொந்த வேர்தான்.

பொழுது: மொட்டுப் பருக்குமுன் வரும் இளவேனில் தொடக்கம், அல்லது இலை உதிர்ந்தபின் மண் உறைவதற்குச் சில வாரம் முன்பு. ஜூனில் புறப்படுகிறவர் ஏப்ரல் தொடக்கத்திலேயே, செடி உறங்கும்போதே, ஓரடி, ஒன்றரையடி உயரக் கன்று இரண்டு மூன்றைத் தேர்ந்து, தாயோடு இணைக்கும் வேரை மண்வெட்டியால் ஒரே வெட்டாக அறுத்து, சல்லிவேர் குலையாமல் எடுத்துத் தொட்டியில் வைத்துவிட வேண்டும். வடியும் மண், அரைநிழல், வேர் காயாத ஈரம் ஆகியவற்றோடு ஜூன்வரை வைத்திருக்கலாம். மாசசூசெட்ஸிலிருந்து வேறு மாநிலம் போகும்போது பஞ்சு அந்துப்பூச்சியின் முட்டைகள் ஒட்டிச் செல்லாதபடி செடியையும் வெளியில் கிடந்த பொருள்களையும் சோதிக்க வேண்டுமென்ற விதி உண்டு. போகும் மாநில வேளாண் துறையிடம் முன்பே கேட்டுக்கொள்வது நலம்.

புது நிலத்தில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் படும் இடம் வேண்டும். நிழலில் லைலாக் இலை மட்டுமே தரும். தண்ணீர் தேங்கக் கூடாது. பாறைச் சரிவின் சுண்ணாம்பு நிலத்திலிருந்து வந்த குலம் என்பதால் புளிப்பு மண் ஒவ்வாது. மண்ணைச் சோதித்துத் தேவையெனில் சுண்ணாம்பு இடலாம். தழைச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டினால் தழைதான் வரும். தொட்டியில் இருந்த ஆழத்திலேயே நட்டு, ஆறடி சுற்றுக்கு வேறு புதர் இன்றி விட்டு, மூடாக்குப் போட்டு, முதல் இரண்டு கோடைகளில் மண் வறளாமல் நீர் வார்க்க வேண்டும். மூன்று நான்கு ஆண்டுவரை பூவை எதிர்பார்க்க வேண்டாம். அதுவரை கத்தரியும் வேண்டாம்.